இருபத்தொரு நாள் கழித்து என்ன தேதி?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. அக்கம்பக்கத்தார் படித்து முடித்ததை அதில் வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். யார் எதை எப்போது எடுத்தார் என்று எழுத, நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு. தேசிய நூலகத்தில் புத்தகத்துக்கு 21 நாள் தவணை என்பதால் இங்கும் அதே கணக்கு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் அண்ணன் மகள், இந்த நோட்டைக் கணினியில் ஏற்றுவதையே பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடத்துக்கான திட்டப்பணியாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சித்தப்பா, தேதியோட 21 கூட்டினா எரர் வருது. 21-க்கும் மேற்கோள் குறி போட்டுப் பார்த்தேன், எரர் போயிடுச்சு. ஆனா பதிலைப் பாருங்க."

திரையில் இருந்தது இது:

"20/02/2026" + "21"
விடை: 20/02/202621

நிரல் எழுதப் பழகும் எவரும் ஏதோ ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார். இங்கே அவசரப்படாமல் கொஞ்சம் நின்று பார்த்தால், ஆப்ஜெக்ட் என்று ஒன்று எதற்காக வேண்டியிருக்கிறது என்பது சேர்ந்தே புரிந்துவிடும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

மேற்கோள் குறிக்குள் போட்டது எதுவாக இருந்தாலும் கணினிக்கு அது ஸ்ட்ரிங். எழுத்துச் சரம். பூத் தொடுப்பதுபோல் ஒவ்வொரு குறியாகக் கோத்து வைத்தது. "20/02/2026" என்ற சரத்தில் பத்துக் குறிகள்: எட்டு இலக்கங்கள், இரண்டு சாய்கோடுகள். அதைப் பார்த்ததும் நமக்குப் பிப்ரவரி ஞாபகம் வருகிறது, சீனப் புத்தாண்டு முடிந்த வாரம் என்றுகூடத் தோன்றுகிறது. கணினிக்கு அதெல்லாம் இல்லை. இரண்டு சரங்களைக் கூட்டச் சொன்னால், ஒன்றின் வாலில் மற்றொன்றை முடிந்துவிடும். சொன்னதைத்தான் செய்தது.

இதைவிடப் பெரிய தொல்லை வரிசைப்படுத்தும்போது வரும். ஒருவர் பிப்ரவரி 10 அன்று எடுத்தார், இன்னொருவர் ஆகஸ்ட் 9 அன்று எடுத்தார் என்று வையுங்கள். "10/02/2026", "09/08/2026" என்று இரண்டு சரங்கள். அகராதி வரிசையில் அடுக்கச் சொன்னால் கணினி முதல் குறியைப் பார்க்கும். ஒன்றைவிடச் சுழி முந்தியது. ஆகவே ஆகஸ்ட் முன்னால், பிப்ரவரி பின்னால். எரர் எதுவும் வராது. பட்டியல் அழகாக வந்து நிற்கும், தப்பாக.

சரி, தேதியை எப்படி வைப்பது? பைத்தானில் டேட்டைம் என்ற மாட்யூல், அதாவது ஆயத்தமாக எழுதிவைத்த நிரல் தொகுப்பு, இருக்கிறது. அதில் தேதிக்கு டேட் என்று ஒரு கிளாஸ், இத்தனை நாள் என்ற கால அளவுக்கு டைம்டெல்ட்டா என்று ஒரு கிளாஸ். கிளாஸ் என்றால் என்ன என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். பைத்தான் 3-இல் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்பதால், முதலாவதைத் "தேதி" என்றும் இரண்டாவதை "நாட்கள்" என்றும் பெயர் மாற்றி இறக்கிக்கொண்டோம். அப்புறம் எழுதியது இரண்டே வரி:

எடுத்த_நாள் = தேதி(2026, 2, 20)
திருப்பும்_நாள் = எடுத்த_நாள் + நாட்கள்(21)

விடை 2026-03-13. பிப்ரவரிக்கு 28 நாள்தான் என்பதை நாங்கள் சொல்லவில்லை. அதே கணக்கை 2028-க்குப் போட்டால் மார்ச் 12 என்று வரும், ஏனென்றால் அது லீப் ஆண்டு. அதையும் நாங்கள் சொல்லவில்லை. அந்த அறிவு தேதிக்குள்ளேயே இருக்கிறது.

ஆப்ஜெக்ட் என்பது இதுதான். ஒரு தகவலும், அந்தத் தகவலை வைத்து என்னென்ன செய்யலாம் என்ற அறிவும் ஒரே இடத்தில் குடியிருப்பது. கிளாஸ் என்பது அச்சிட்ட வெற்றுப் படிவம் மாதிரி. ஆப்ஜெக்ட் என்பது அதை ஒருவர் நிரப்பிக் கொடுத்தது. காகிதப் படிவம் கேட்டால் பேசாது, இது பேசும் என்பதுதான் வித்தியாசம். என்ன கிழமை என்று கேட்டால் சொல்லும். ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் இடையில் எத்தனை நாள் என்று சொல்லும். பிப்ரவரி 31 என்று ஒன்றை உருவாக்கப் பார்த்தால், முடியாது என்று அங்கேயே மறுத்துவிடும். சரமாக வைத்திருந்தால் "31/02/2026" நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். ஆறு மாதம் கழித்து வேறெங்கோ கணக்கு உதைக்கும்போதுதான் தெரியவரும். இந்த மறுப்பைப் புதியவர்கள் தொந்தரவாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் தேதி ஆப்ஜெக்ட்டின் மிகப் பெரிய உபகாரம்.

தேதியை நாமே கட்டவில்லை, பைத்தான் கொடுத்தது. அதை வைத்து நம் கிளாஸ் ஒன்றைக் கட்டலாம். அண்ணன் மகள் "இரவல்" என்று ஒரு கிளாஸ் வைத்தாள். அதற்குள் மூன்று தகவல்: யார், எந்தப் புத்தகம், எடுத்த நாள். கூடவே இரண்டு மெதட், அதாவது கேட்டால் அது செய்து தரும் வேலைகள். ஒன்று, திருப்ப வேண்டிய நாளைச் சொல்லும்:

தான்.எடுத்த_நாள் + நாட்கள்(21)

இன்னொன்று, இன்றைய தேதியைக் கொடுத்தால் எத்தனை நாள் தாமதம் என்று சொல்லும்.

இந்தத் "தான்" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பைத்தான் பாடத்தில் எல்லோரையும் குழப்பும் சொல் செல்ஃப். ஒவ்வொரு மெதடிலும் முதலில் அது எதற்கு என்று கேட்காத மாணவர் இல்லை. அது மொழியின் கட்டாயச் சொல் அல்ல, எல்லோரும் பின்பற்றும் வழக்கம் மட்டுமே. வேறு பெயர் வைத்தாலும் ஓடும். நாங்கள் "தான்" என்று வைத்தோம். வைத்ததும் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "அவர் தான் எடுத்த புத்தகத்தைத் தானே திருப்புவார்" என்கிறோமே, அந்தத் தான். யாரைக் கேட்கிறோமோ அவருடைய எடுத்த நாள். நூறு இரவல்கள் இருந்தாலும் ஒவ்வொன்றும் தன் தேதியைப் பார்த்துத்தான் பதில் சொல்லும். கல்லூரியில் கொடுக்கும்போது செல்ஃப் என்று மாற்றிவிடச் சொன்னேன், மற்றவர்கள் படிக்க வேண்டுமே.

இன்னொரு வசதி. தவணையை 21-லிருந்து 28 ஆக்கலாம் என்று நாளைக்கு அலமாரிக்காரர்கள் முடிவு செய்தால், மாற்ற வேண்டியது அந்த ஒரு வரிதான். நிரல் முழுக்க 21-ஐத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் மனிதர்கள் தேதியைச் சரமாகத்தானே எழுதுகிறார்கள்? நோட்டில் இருப்பது சரம். திரையில் காட்ட வேண்டியதும் சரம். நம் புளோக்கில் எந்த வீட்டைப் பார்த்தாலும் வாசலில் செருப்பு அடுக்கு இருக்கும். வெளியே போகும்போது மாட்டிக்கொள்வோம், உள்ளே வரும்போது கழற்றிவிடுவோம். சரமும் அப்படித்தான். உள்ளே வரும்போது சரத்தைக் கழற்றித் தேதியாக்குங்கள். நிரலுக்குள் தேதி தேதியாகவே நடமாடட்டும். வெளியே போகும்போது மறுபடி சரமாக்குங்கள்.

உள்ளே வரும் வேலைக்கு, டேட்டைம் மாட்யூலுக்குள் அதே பெயரில் இருக்கும் டேட்டைம் கிளாஸில் ஸ்ட்ர்-பி-டைம் என்ற மெதட், வெளியே போக ஸ்ட்ர்-எஃப்-டைம். பி என்றால் பிரித்துப் படி, எஃப் என்றால் ஃபார்மட் செய் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. இரண்டுக்குமே தேதி எந்த வடிவில் இருக்கிறது என்று ஒரு மாதிரிச் சரம் கொடுக்க வேண்டும். பைத்தானில் நாளுக்குச் சின்ன டி, மாதத்துக்குச் சின்ன எம், நான்கு இலக்க ஆண்டுக்குப் பெரிய ஒய். ஒவ்வொன்றுக்கும் முன்னால் % குறி. பெரிய எம் போட்டால் அது நிமிடம். ஜாவா என்ற இன்னொரு நிரல்மொழியில் நேர் எதிர்: பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். அங்கே ஆண்டுக்குச் சின்ன ஒய் போட வேண்டும். பெரிய ஒய் போட்டால் அது வாரக் கணக்கில் வரும் ஆண்டு. 2024 டிசம்பர் 31-ஐ 2025 டிசம்பர் 31 என்று காட்டிவிடும். வருடம் முழுக்கச் சரியாக ஓடி, கடைசி வாரத்தில் மட்டும் பிசகும் நிரலைப் பார்த்தால் முதலில் இந்த எழுத்தைத்தான் பாருங்கள்.

மாதிரிச் சரம் எதற்கு, கணினியே கண்டுபிடிக்கக் கூடாதா? கூடாது. "09/08/1965" நம் ஊரில் யாருக்கும் ஆகஸ்ட் 9, தேசிய தினம். அமெரிக்க வழக்கில் அதுவே செப்டம்பர் 8. "20/02/2026" என்றால் பிழைத்தோம், 20 என்ற மாதம் இல்லாததால் எரர் வந்துவிடும். நாள் 12-க்குள் இருந்தால் சத்தமே இல்லாமல் தேதி மாறிப்போகும். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 1988-இல் ஐஎஸ்ஓ 8601 என்ற தரம் வந்தது: ஆண்டு, மாதம், நாள், பெரியதிலிருந்து சிறியதற்கு. மேலே விடை 2026-03-13 என்று வந்ததே, அந்த வடிவம். இதில் ஒரு நல்ல குணம் உண்டு. இப்படி எழுதிய தேதிகளைச் சரமாகவே வரிசைப்படுத்தினாலும் கால வரிசைதான் வரும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இனிச் சரத்தின் பக்கம். தேதியைச் சரமாக வைக்காதே என்றேன். எண்ணாகத் தெரியும் சிலவற்றைச் சரமாகத்தான் வைக்க வேண்டும். சிங்கப்பூர் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம். நகரின் நடுப்பகுதியில் பல கட்டடங்களுக்கு அது சுழியில் தொடங்கும். மரினா பே சாண்ட்ஸுக்கு 018956. எண்ணாக வைத்தால் முன்னால் உள்ள சுழி உதிர்ந்து 18956 ஆகிவிடும். அப்படி ஒரு முகவரி இங்கே கிடையாது. கைப்பேசி எண்ணும் அப்படியே, அடையாள அட்டை எண்ணும் அப்படியே. இரண்டு பேருடைய கைப்பேசி எண்ணைக் கூட்டிப் பார்க்க யாருக்காவது அவசியம் வருமா? வராது என்றால் அது சரம்.

சரமும் ஆப்ஜெக்ட்தான். அதனிடமும் மெதட்கள் உண்டு: இருபுறமும் உள்ள இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப், துண்டாக்கும் ஸ்பிளிட், மாற்றும் ரீப்ளேஸ். அண்ணன் மகளின் நிரலில் "முருகன்" என்று ஒருவர், கடைசியில் ஓர் இடைவெளியோடு "முருகன் " என்று இன்னொருவர். கண்ணுக்கு ஒரே ஆள், கணினிக்கு இரண்டு பேர். ஸ்ட்ரிப் போடச் சொன்னேன். போட்டாள். மாறவில்லை.

"நீங்க சொன்ன மாதிரிதானே சித்தப்பா போட்டேன்?"

பெயர்.ஸ்ட்ரிப்() என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தாள். இதையும் எல்லோரும் செய்வார்கள். சரம் ஒருமுறை உருவானால் மாறாது. ஸ்ட்ரிப் பழைய சரத்தைத் திருத்துவதில்லை, இடைவெளி இல்லாத புதுச் சரம் ஒன்றைச் செய்து நீட்டுகிறது. கையை நீட்டி வாங்காவிட்டால் அது அப்படியே காணாமல் போகும். பெயர் = பெயர்.ஸ்ட்ரிப்() என்று எழுத வேண்டும். தேதியும் இதே ஜாதி. எடுத்த நாளோடு 21 கூட்டியபோது எடுத்த நாள் மாறவில்லை, புதிதாக ஒரு தேதி பிறந்தது. எடுத்த நாள் மாறிவிட்டால் தாமதக் கணக்கே போய்விடும் அல்லவா?

இது எல்லா மொழியிலும் முதலிலிருந்தே இப்படி அமைந்ததல்ல. ஜாவா 1996-இல் வந்தபோது அதன் டேட் ஆப்ஜெக்ட்டை யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து மாற்றலாம். அதோடு மாதத்தைச் சுழியிலிருந்து எண்ண வேண்டும், ஆகஸ்ட் என்றால் 7. ஆண்டை 1900-லிருந்து எண்ண வேண்டும். 2014-இல் ஜாவா 8 வந்தபோதுதான் மாறாத தேதிகளும் ஒன்றிலிருந்து எண்ணும் மாதங்களும் கிடைத்தன. ஜாவாஸ்கிரிப்ட் தன் டேட்டை அந்தப் பழைய ஜாவாவைப் பார்த்து எடுத்துக்கொண்டது. அங்கே ஆகஸ்ட் இன்னமும் 7.

நம் பெயர்களுக்கு வருகிறேன், இதில் எனக்கு உண்மையாகவே ஆதங்கம் உண்டு. நிரல் எழுதுபவர்கள் முழுப் பெயரை இடைவெளியில் ஸ்பிளிட் செய்து, முதல் துண்டு சொந்தப் பெயர், கடைசித் துண்டு குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அடையாள அட்டையில் "முருகன் எஸ்/ஓ கோபால்" என்று இருக்கும். கடைசித் துண்டை எடுத்து "அன்புள்ள திரு கோபால்" என்று கடிதம் அனுப்பினால், அது அப்பாவுக்குப் போன கடிதம். நடுவில் உள்ள சாய்கோடு இன்னொரு தொல்லை. சில படிவங்கள் பெயரில் எழுத்து மட்டும்தான் வரலாம் என்று அதைத் தள்ளிவிடும். பெயரை அப்படியே கோப்புப் பெயராக்கினால், சாய்கோட்டைக் கணினி ஃபோல்டர் பிரிவாக எடுத்துக்கொள்ளும். "பெயர்" என்று தனியாக ஒரு கிளாஸ் வைத்து, முழுப் பெயர், அழைக்கும் பெயர், கோப்புக்கான பெயர் என்று மூன்று மெதட் கொடுத்துவிட்டால், இந்தச் சங்கதியெல்லாம் ஒரே இடத்தில் அடங்கிவிடும். அழைக்கும் பெயரை ஊகிக்காமல் அவரிடமே கேட்டு வாங்குங்கள் என்பது என் கட்சி.

தமிழில் எழுதிய பெயர் என்றால் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். "சிங்கப்பூர்" என்பதில் நமக்கு ஆறு எழுத்து: சி, ங், க, ப், பூ, ர். பைத்தானிடம் நீளம் கேட்டால் 11 என்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுவான குறியீடான யூனிகோடில் சி என்பது ச-வும் இகரக் குறியும்; ங் என்பது ங-வும் புள்ளியும். முதல் பத்தை மட்டும் வெட்டி எடுத்தால் "சிங்கப்பூர" என்று புள்ளி போய்விடும். அலமாரிக்கு ஒட்டும் சீட்டில் தலைப்பெழுத்து போட, "கோபால்" என்பதன் முதல் குறியை எடுத்தாள். கோ வரவில்லை, க வந்தது. கோ. முருகன் க. முருகன் ஆனார். முதல் குறியோடு, அதைத் தொடர்ந்து வரும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்த்து எடுக்கும் ஒரு மெதடை எழுத வேண்டியிருந்தது.

அதே கோ இன்னொரு வேடிக்கையும் காட்டும். சில விசைப்பலகைகளில் அது க-வோடு ஓகாரக் குறி என்று ஒரே குறியாகச் சேரும். சிலவற்றில் ஏகாரக் கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். இதையும் வாசலிலேயே, ஸ்ட்ரிப் போடும் இடத்திலேயே செய்துவிடுங்கள்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இன்றைய தேதி என்ன என்று நிரல் கேட்டால், அது ஓடும் கணினியின் கடிகாரம்தான் பதில் சொல்லும். சர்வர்களை உலகப் பொது நேரத்தில் வைப்பது வழக்கம். நாம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னால். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் காலை ஏழு மணிக்குத் தயாராகும் அறிக்கையில் எப்போதும் நேற்றைய தேதி இருக்கும். எட்டு மணிக்குமேல் எடுத்தால் சரியாக இருக்கும். காரணம் தெரிய இரண்டு நாள் ஆனது.

அந்த எட்டு மணியும் ஆதியிலிருந்து இருந்ததல்ல. 1981 வரை நாம் ஏழரை மணி நேரம்தான் முன்னால் இருந்தோம். மலேசியா தன் நேரத்தை மாற்றியபோது சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தை நள்ளிரவுக்குத் தள்ளி வைத்தார்கள். ஆகவே இந்த ஊரில் அந்த ஒரு நாளுக்கு இருபத்து மூன்றரை மணி நேரம்தான். ஒரு நாள் என்றால் 24 மணி நேரம் என்று நாமே பெருக்கிக் கணக்குப் போட்டால் இதெல்லாம் தவறும். பைத்தான் 3.9 முதல் உள்ள சோன்இன்ஃபோ மாட்யூலில் ஆசியா/சிங்கப்பூர் என்று கேட்டால், அந்த அரை மணி நேரம் உட்பட அதற்குத் தெரியும்.

அலமாரிக்கு மணி நேரம் தேவையில்லை, நாள் போதும். மறுநாள் இரண்டு பேருமாக உட்கார்ந்து நோட்டை ஏற்றினோம். நான் வாசிக்க, அவள் தட்டினாள். நாற்பது வரிக்குமேல் சுகமாகப் போனது. ஒரு வரியில் நிரல் நின்றுவிட்டது. நோட்டைத் திரும்பப் பார்த்தேன். 31/04/2026 என்று தெளிவாக எழுதியிருந்தது.

"ஏப்ரல்ல 31 இல்லையே சித்தப்பா."

எழுதியவர் நாலாவது மாடி அங்கிள். போய்க் கேட்டாள். மறுநாள் தொழிலாளர் தின விடுமுறை, உட்கார்ந்து படிக்கலாம் என்று முதல் நாள் இரவு எடுத்ததாகச் சொன்னாராம். அப்படியென்றால் 30. மாற்றித் தட்டினாள். திருப்ப வேண்டிய நாள் மே 21 என்று வந்தது. அடுத்த வரியை வாசித்தேன்.